பூவன் மைனஸ் 41 கிலோ

போன மாசம் ஒரு திங்கக்கிழமை காலைல இட்லிய பாதி சாப்பிட்டுட்டு இருக்கும்போதே போன் வந்துச்சு. கும்பகோணத்துல ஒரு சூப்பர் மார்க்கெட் ஓனர். "தம்பி, நீங்க வச்சிட்டுப் போன மெஷின்ல பூவன் ஸ்டாக் கணக்கு மைனஸ்ல போவுது. 41 கிலோ மைனஸ். கடைலயே இல்லாத பழத்த எப்படிப்பா வித்துருக்கு?" அவரு குரல்ல கோவத்த விட ஆச்சரியம்தான் ஜாஸ்தி. இன்னொண்ணும் சொன்னாரு, ரஸ்தாளியும் செவ்வாழையும் கணக்குப்படி விக்கவே இல்லையாம், ஆனா தட்டுல பாத்தா பழமும் இல்லையாம்.

எனக்கு அப்பவே பாதி புரிஞ்சிருச்சு. சிரிப்பு கூட வந்துச்சு, ஆனா கஸ்டமர்கிட்ட சிரிக்க முடியுமா, "இதோ வரேன் சார்"னு சொல்லிட்டு மிச்ச இட்லிய முழுங்கிட்டு வண்டிய எடுத்தேன்.

என் வேலை என்னன்னு சொல்லிடுறேன். கடைங்கள்ல நாமளே பில் போட்டுக்குற மெஷின், ஃபுட் கோர்ட்ல நாமளே தொட்டு ஆர்டர் பண்ணி டோக்கன் எடுக்குற மெஷின், விலை பாக்குற ஸ்கேனர், இதுங்களுக்கெல்லாம் சர்வீஸ் பாக்குறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைன்னு டெல்டா முழுக்க என் ஏரியா. விசிட்டிங் கார்டுல ஃபீல்டு இன்ஜினியர்னு இருக்கும். எங்கம்மா கேக்குறவங்ககிட்ட "மெஷின் ரிப்பேர் பாக்குறான்"னு சொல்லும். அம்மா சொல்றதுதான் சரி.

கடைக்குப் போனதும் மெஷினத் தொறக்கல. ஒரு அரை மணி நேரம் பிஸ்கட் ரேக்குக்குப் பக்கத்துல சும்மா நின்னு பாத்தேன். ரெண்டு மெஷின், வாசலுக்குப் பக்கத்துல. எடை போட வேண்டிய காய் பழத்துக்கு ஸ்கிரீன்ல படம் வரும், எது நம்ம பழமோ அத தொடணும். வாழைப்பழம்னு தொட்டா எட்டு கட்டம் வரும். பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, செவ்வாழை, பச்சநாடன், ஏலக்கி, நேந்திரம், மொந்தன். கட்டம்தான் எட்டு, படம் ஒண்ணே ஒண்ணு. சாஃப்ட்வேர் கூட வந்த மஞ்சக்கலர் பழத்தோட போட்டோவ, யாரோ எட்டு தடவ காப்பி அடிச்சு ஒட்டி வச்சிருக்காங்க. செவ்வாழைக்கும் மஞ்சப் பழம்தான்! ஓனர் முதல்ல என்ட்ரி போட்டது பூவன், அதனால அது முதல் கட்டம். வர்றவங்க எல்லாரும் முதல் கட்டத்த ஒரு தட்டு தட்டிட்டு போயிட்டே இருக்காங்க.

ஒரு அம்மா கைல ஒரு சீப்பு ரஸ்தாளி. ஸ்கிரீனயே செத்த நேரம் பாத்துட்டு என்கிட்ட திரும்புனாங்க. "தம்பி, இதுல எது ரஸ்தாளி?"

"கீழ பேரு போட்டிருக்கும்மா."

"கண்ணாடி வீட்டுல இருக்கு. படத்தப் பாத்தா எல்லாம் ஒரே பழமால்ல இருக்கு? இத எவன் எடுத்தான், வாழைப்பழத்தயே பாக்காதவனா?"

அவங்க சொன்னது விளையாட்டில்ல, ஒரு வகைல நெசம். இந்த மாதிரி மெஷினெல்லாம் மொதல்ல யோசிச்சது அமெரிக்காவுல. அங்க கடைல காய்கறி பழத்துக்கெல்லாம் நாலு இலக்கத்துல ஒரு நம்பர் உண்டு, பி.எல்.யூ கோடுன்னு சொல்லுவாங்க. சாதாரண மஞ்ச வாழைப்பழத்துக்கு 4011. அங்க கடைல விக்கிற வாழைப்பழம் கிட்டத்தட்ட எல்லாமே கேவண்டிஷ்ங்கிற ஒரே ரகம், நம்ம ஊர்ல மோரிஸ், ஜி9ன்னு விக்கிறோமே அந்தக் குடும்பம். அதனால வாழைப்பழம்னா ஒரு நம்பர் போதும். அந்த ஊர்ல திருட்டுத்தனத்துக்கே "பனானா ட்ரிக்"னு பேரு வச்சிருக்காங்க, அதாவது விலை கூடுன கறிய தராசுல வச்சுட்டு 4011னு அடிச்சு வாழைப்பழ விலைக்குத் தள்ளிட்டுப் போயிடுறது. உலகத்துலயே மலிவான பழம்னு வாழைப்பழத்த நம்பி இருக்காங்க பாருங்க. நம்ம ஊர்ல வாழைப்பழத்துக்குள்ளயே அந்த ட்ரிக் நடக்குது. செவ்வாழைய வச்சுட்டு பூவன தட்டுறது. தெரிஞ்சு தட்டுனவங்க எத்தன பேரு, கண்ணாடி இல்லாம தட்டுனவங்க எத்தன பேருன்னு அந்த மெஷினுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

இங்கிலாந்துல பூத்ஸ்னு ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி 2023ல பெரும்பாலான கடைங்கள்லேந்து இந்த மெஷினையே எடுத்துட்டாங்க. மெஷின் மெதுவா இருக்கு, நம்ப முடியல, மனுஷ முகம் இல்லைன்னு கஸ்டமருங்க சொன்னது ஒரு காரணம், உதிரியா விக்கிற பழத்துல எந்த ஆப்பிள் எதுன்னு வாங்குறவங்களுக்கே தெரியலங்கிறது இன்னொரு காரணம். அத படிச்சப்ப எனக்கு அந்த ரஸ்தாளி அம்மாதான் ஞாபகம் வந்தாங்க. அங்க வாங்குறவங்களுக்குத் தெரியல, இங்க வாங்குறவங்களுக்கு நல்லா தெரியும், மெஷினுக்குத்தான் தெரியல.

மெஷினப் பத்தி கொஞ்சம் சொல்றேன், ஏன்னா வெளிலேந்து பாக்குறவங்க இது பெரிய டிவி மாதிரின்னு நெனைக்கிறாங்க. உள்ள ஒரு சின்ன கம்ப்யூட்டர், பார்கோடு படிக்கிற கண்ணாடி, 80 மில்லிமீட்டர் பேப்பர் போடுற தெர்மல் பிரிண்டர், யூ.பி.எஸ், அப்புறம் பை வைக்கிற தட்டுக்கு அடில எடை பாக்குற லோடு செல். இதுல பாதி சர்வீஸ் கால் பிரிண்டருக்குத்தான் வரும். அதுலயும் பாதி, பேப்பர் ரோல தலைகீழா மாட்டி பில் வெள்ளையா வருதுன்னு. தெர்மல் பேப்பர்ல ஒரு பக்கம்தான் மருந்து இருக்கும், நகத்தால கீறுனா கருப்பா கோடு விழுற பக்கம்தான் பிரிண்டர் ஹெட்ட பாத்து இருக்கணும். இத போன்ல சொல்லிக் குடுத்தே எனக்கு தொண்டை போச்சு. மிச்சத்துக்கு எறும்பு, பல்லி, மாவுத்தூசி, ஈ.பி. மாசாந்திர பராமரிப்பு அன்னிக்கு செத்துப் போற யூ.பி.எஸ் பேட்டரி. நாகப்பட்டினம் பக்கம் உப்புக்காத்துல ஸ்க்ரூ துருப்பிடிச்சு கழட்ட முடியாம மெஷினோட கதவயே அறுத்த கதையும் உண்டு, அது வேற நாள்.

ஆனா பெரிய தலைவலி அந்த எடைத்தட்டுதான். ஒவ்வொரு சாமானுக்கும் இவ்வளவு கிராம்னு கம்ப்யூட்டர்ல இருக்கும், ஸ்கேன் பண்ணிட்டு தட்டுல வச்சா அந்த எடை ஏறணும், ஏறலன்னா, இல்ல கூட ஏறுச்சுன்னா, மேல சிவப்பு லைட்டு. திருட்டு நடக்கக்கூடாதுன்னு வச்சது. சோப்பு, பேஸ்ட்டுக்கு சரியா வரும். நம்ம கடைல உளுந்தும் மிளகாயும் மூட்டையா எடுத்து உள்ளயே பாக்கெட் போடுறாங்க, அர கிலோ பாக்கெட் ஒண்ணு 492 கிராம் இருக்கும் இன்னொண்ணு 510 இருக்கும். கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா பரவால்லன்னு செட்டிங்க தளர்த்துனா திருட்டுக்கு வழி, இறுக்குனா நாள் பூரா சிவப்பு லைட்டு. தேங்காய் எண்ணிக்கைல விக்கிறது, எந்த ரெண்டு தேங்காய் ஒரே எடைல இருக்கு? கீரைக்கட்டு காலைல ஒரு எடை, தண்ணி தெளிச்சதும் ஒரு எடை, சாயங்காலம் வாடி ஒரு எடை.

இது பத்தாதுன்னு பை. 2019 ஜனவரி 1லேந்து இங்க ஒரு தடவ தூக்கிப் போடுற பிளாஸ்டிக் பை தடை, அதனால ஜனங்க வீட்டுலேந்து பை எடுத்துட்டு வராங்க, நல்ல விஷயம். ஆனா வர்றது வெறும் துணிப்பை மட்டுமா? ஒயர் கூடை. அந்தக் கூடைக்குள்ள தண்ணி பாட்டில், குடை, பூ, ஆஸ்பத்திரி சீட்டு, பேரனுக்கு வாங்குன பஜ்ஜி. ஒரு பாட்டி கூடைய தூக்கி தட்டுல வச்சதும் மெஷின் பேசுச்சு, தமிழ்லதான், "எதிர்பாராத பொருள் பை வைக்கும் பகுதியில் உள்ளது". பாட்டி ஒரு நிமிஷம் கூடயப் பாத்துச்சு, ஸ்கிரீனப் பாத்துச்சு. "எது எதிர்பாராத பொருளு? ஏண்டாப்பா, நாந்தானடா வச்சேன்!" அந்த வசனத்த தமிழ்ல மாத்துனவரு எங்க ஆபீஸ்லதான் இருக்காரு, அவருக்கு இத போன் போட்டு சொன்னேன், அவரு சிரிக்கல.

இன்னொண்ணு இருக்கு, அது சிரிக்கிற விஷயம் இல்ல. விரல். இப்ப வர்ற டச் ஸ்கிரீனெல்லாம் செல்போன் மாதிரி, விரல்ல இருக்குற ஈரத்த வச்சு, அதுல ஓடுற துளி மின்சாரத்த வச்சுத்தான் தொட்டத கண்டுபிடிக்கும். நடவு, களையெடுப்புன்னு வருஷக்கணக்கா சேத்துலயே கிடந்த கை காஞ்சு காப்பு காச்சி இருக்கும், அந்த விரல் தொட்டா பல சமயம் ஸ்கிரீனுக்குத் தெரியவே தெரியாது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கடைல ஒரு அக்கா நாலு தடவ தட்டிட்டு, அஞ்சாவது தடவ "எனக்கெல்லாம் இது ஒத்துக்காதுங்க"ன்னு சொல்லி பின்னாடி நகந்து நின்னாங்க, ஏதோ அவங்கமேல தப்பு மாதிரி. நான் போயி என் விரலால தொட்டதும் உடனே வேல செஞ்சுச்சு, எனக்கு வெக்கமா போச்சு. பழைய காலத்து அழுத்துற வகை ஸ்கிரீனா இருந்தா நகத்தால குத்துனா கூட கேக்கும், அத இப்ப கடைக்காரங்க அவ்வளவா வாங்குறதில்ல. ரேஷன் கடைல ரேகை விழாம இவங்க படுற பாடு தெரியும்தானே, அதே விரல்தான் இங்கயும்.

இவ்வளவு கொற சொல்றியே, அப்ப பழைய மளிகைக்கடையே தேவலைன்னு சொல்ல வரியான்னு கேப்பீங்க. அங்கதான் எனக்கு மனசு ரெண்டா நிக்குது, ஏன்னா எங்கப்பாவே கடை வச்சிருந்தவரு. கபிஸ்தலம் பக்கத்துல ஒரு கிராமத்துல, தொண்ணூறுகள்ல. அப்பா கல்லாவுல, சாமானெல்லாம் அவருக்குப் பின்னால, வாங்க வர்றவங்க வெளில பலகைக்கு அந்தப் பக்கம். சீட்டக் குடுத்தா ஒண்ணொண்ணா எடுத்து, காகிதத்த சுருட்டி, பொட்டலம் கட்டி, மேலேந்து தொங்குற நூல்கண்ட இழுத்து ஒரு சுத்து சுத்தி பட்டுனு அறுப்பாரு பாருங்க, அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. ரஸ்தாளி கேட்டா "இன்னிக்கு வேண்டாம், நாளைக்குத்தான் பழுக்கும், பூவன் எடுத்துக்க"ம்பாரு. பாக்கி நோட்டு ஒண்ணு இருக்கும், அறுப்பு முடிஞ்சு நெல்லு காசு வந்ததும் தீப்பாங்க. மேட்டூர்ல தண்ணி லேட்டா தொறந்த வருஷமெல்லாம் எங்க வீட்டுலயும் கஞ்சிதான், ஏன்னா அந்த நோட்டு முழுக்க எங்க காசு.

ஆனா இதையும் சொல்லணும். எங்கப்பா கடைல வரிசை கிடையாது. பண்ணை வீட்டுலேந்து ஆள் வந்தா அவருக்கு மொதல்ல. அப்புறம் மெயின் ரோட்டுக்காரங்க. காலனிலேந்து வர்றவங்க ஓரமா நிப்பாங்க, எவ்வளவு நேரம் முன்னாடி வந்திருந்தாலும். அப்பா கெட்டவரு இல்ல, கேட்டா "எல்லாருக்கும்தான குடுக்குறேன்"ம்பாரு. சின்னப் பையனா எனக்கு அது தப்புன்னே தெரியல. கூடப் படிச்ச பையன் ஒருத்தன் கைல காச வச்சுக்கிட்டு அர மணி நேரமா நிக்குறத நான் கல்லாவுக்குப் பக்கத்துல உக்காந்து கடலமிட்டாய் தின்னுட்டே பாத்திருக்கேன்.

நாமளே எடுத்துக்குற கடைங்கிற யோசனையே 1916ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ் ஊர்ல வந்துச்சு, கிளாரன்ஸ் சாண்டர்ஸ்னு ஒருத்தரு பிக்லி விக்லின்னு வேடிக்கையா பேரு வச்சு தொறந்தாரு. அதுவரைக்கும் அங்கயும் எங்கப்பா கடை மாதிரிதான், சீட்டக் குடுத்தா ஆள் எடுத்துக் குடுப்பாரு. அதோட நிக்காம 1937ல கீடூசில்னு இன்னொரு கடை, சாமான் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கும், கஸ்டமர் ஒரு சாவிய வச்சு வேணுங்கறத குறிச்சா சாமான் பின்னாடிலேந்து பெல்ட்டுல வந்து சேரும். கூட்டம் வந்தா மெஷின் குழம்பிப் போயி ஒருத்தர் சாமான் இன்னொருத்தருக்குப் போவுமாம், கடைசில நிக்கல. அத படிச்சப்ப, அய்யய்யோ அந்தக் கடைக்கு சர்வீஸ் பாத்தவன் யாரோன்னுதான் எனக்குத் தோணுச்சு. பார்கோடு கடைக்கு வந்தது 1974ல, நாமளே பில் போடுற மெஷின் அட்லாண்டா பக்கம் ஒரு க்ரோகர் கடைல 1986ல.

மெஷின் யாரு வீட்டுப் பையன்னு கேக்காது. இத நான் லேசா எடுத்துக்குறதில்ல. ஒரு கடைல பன்னெண்டாவது படிக்கிற வயசுல ஒரு பொண்ணு, மாசாமாசம் வாங்குற சானிட்டரி பேட எடுத்துட்டு வந்து தானே ஸ்கேன் பண்ணி பையில வச்சு போனால பே பண்ணி ஒரு நிமிஷத்துல வெளில போச்சு. நியூஸ் பேப்பர்ல சுத்தல, கருப்புக் கவர் இல்ல, எந்த அண்ணாச்சியும் நிமிந்து பாக்கல. அந்தப் பொண்ணுக்காகவே மெஷின் இருக்கட்டும்னு தோணுச்சு. ஆனா பாக்கி நோட்டும் மெஷினுக்குக் கிடையாது. அந்தக் கடை மெஷின்ல ரொக்கமே கிடையாது, யூ.பி.ஐ இல்லன்னா கார்டு, நோட்டு வச்சிருக்கவங்க திரும்ப பழைய கவுண்டருக்குத்தான் போகணும். ரெண்டும் ஒரே மெஷின்தான்.

அந்தக் கும்பகோணம் கடைல ரெண்டு மெஷினுக்கும் சேத்து ஒரு பொண்ணு நிக்குது. திருவையாறு பக்கம், பஸ்ல வருது. சிவப்பு லைட்டு எரிஞ்சா ஓடி வந்து கார்ட தேய்க்கணும், பேப்பர் மாத்தணும், கண்ணாடி இல்லாதவங்களுக்குப் படிச்சுச் சொல்லணும், கூடைய இறக்கி வைக்கச் சொல்லணும், திருடுறாங்களான்னும் பாக்கணும், ஆனா பாக்குற மாதிரி தெரியக்கூடாது. பேரு செல்ஃப் சர்வீஸ். ரயில்வே ஸ்டேஷன்ல டிக்கெட் எடுக்குற மெஷின் ஏ.டி.வி.எம் வந்தப்பவும் இதேதான், கடைசில ரிட்டயரான ரயில்வேகாரங்கள கமிஷனுக்கு மெஷினுக்குப் பக்கத்துல போட்டாங்க, ஜனங்க அவருகிட்ட காசக் குடுத்து ஊர் பேர சொல்றாங்க, அவரு மெஷின தட்டுறாரு. நம்மாளுங்க எந்த மெஷினையும் கவுண்டரா மாத்திடுவாங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒரு ஜோக் உண்டு.

நான் எடைத்தட்ட கழட்டிட்டு இருக்கும்போது அந்தப் பொண்ணு கால மாத்தி மாத்தி நின்னுட்டு இருந்துச்சு. "உக்காரும்மா"ன்னேன். எங்க உக்கார்றது? பழைய கவுண்டர்ல பில் போடுறவங்களுக்கு சேர் இருக்கு. மெஷின் வச்ச இடத்துல இருந்த கவுண்டர எடுத்தாச்சு, அதோட அந்த சேரும் போச்சு. கடைல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார வசதி செஞ்சு குடுக்கணும்னு தமிழ்நாட்டுல 2021ல சட்டத்த திருத்தி எழுதியாச்சு, கேரளாவுல அதுக்கு முன்னாடியே. எங்க கம்பெனி குடுக்குற லே அவுட் படத்துல மெஷினுக்கு ரெண்டு பக்கமும் எவ்வளவு இடம் விடணும், பிளக் பாயின்ட் எங்க வரணும்னு எல்லாம் இருக்கு, ஸ்டூலுக்கு இடம் இல்ல. அந்தப் படத்த மூணு வருஷமா கைல வச்சுட்டு சுத்துறேன், அன்னிக்குத்தான் கவனிச்சேன். ஓனர்கிட்ட சொன்னேன், "பாக்கலாம் தம்பி"ன்னாரு. நானே குடோன்லேந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல எடுத்துட்டு வந்து யூ.பி.எஸ் பக்கத்துல போட்டுட்டேன், வயரிங் செக் பண்ண வேணும்னு சொல்லி. திரும்ப எடுத்துட்டுப் போகல.

வாழைப்பழத்துக்கு வழி சொன்னதும் அந்தப் பொண்ணுதான். அவங்க அப்பா குத்தகைக்கு வாழை போடுறவராம். ஒவ்வொரு ரகத்துலயும் ஒரு சீப்பு எடுத்து தராசுத் தட்டுல வச்சு என் போன்லயே போட்டோ எடுத்தோம். செவ்வாழை, பச்சநாடன், ஏலக்கி எல்லாம் பாத்தாலே தெரியும். கற்பூரவள்ளிக்கு அந்த சாம்பல் பூத்த மாதிரி இருக்குற தோல் தெரியிற மாதிரி வெளிச்சத்துல வச்சோம். பூவனும் ரஸ்தாளியும்தான் போட்டோவுல ஒண்ணு போலவே இருந்துச்சு. "பூவனுக்கு மூக்கு இருக்கும் சார், நுனிலேந்து எடுங்க"ன்னுச்சு. எடுத்தோம், சட்டுனு வித்தியாசம் தெரிஞ்சுச்சு. படத்தெல்லாம் ஏத்துனேன், எழுத்த ரெண்டு மடங்கு பெருசாக்குனேன். ஓனர் பின்னாடி நின்னு பாத்துட்டே இருந்தவரு, "பூவன முதல் கட்டத்துல வைக்காதீங்க தம்பி, எல்லாரும் அதத்தான் தட்டுறாங்க, ரஸ்தாளிய வைங்க"ன்னாரு. ரஸ்தாளி பூவன விட விலை கூட. அவரு கடை, அவரு பழம், வச்சுட்டு வந்துட்டேன்.

நேத்து மறுபடி போன். "தம்பி, பூவன் சரியாயிருச்சு. இப்ப ரஸ்தாளி 12 கிலோ மைனஸ்."

"நாளைக்கு காலைல வரேன் சார்."

"அவசரம் ஒண்ணும் இல்ல தம்பி. இந்தப் பக்கம் வேற வேலையா வந்தா எட்டிப் பாருங்க, போதும்."